இருபது விநாடிக்கு ஒரு டயல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்த யோசனை தோன்றியது. இன்டர்நெட் கணக்கு வாங்கி மூன்று நாளாகியும் மோடம் வழியாக ஒருமுறைகூட சர்வருக்குள் நுழைய முடியவில்லை. நான் எதற்கு உட்கார்ந்து டயல் செய்ய வேண்டும், நிமிடத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரே முயலட்டுமே! பத்து வரியில் புரோகிராம் எழுதி ஓடவிட்டேன். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பகலில் தூங்குவார் என்று மோடத்தின் ஸ்பீக்கரை அணைத்தே வைத்திருந்தேன்.

முதலில் 'நோ கேரியர்' என்றே வந்தது. அந்தப் பக்கம் மோடம் பேசவில்லை என்று அர்த்தம். பத்தரைக்கு மேல் 'பிஸி' என்று மாறியது. எனக்கு ஒரே சந்தோஷம். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, கூட்டம்தான் அதிகம் என்று முடிவுகட்டி, நிமிடத்துக்கு ஒன்று என்பதை இருபது விநாடிக்கு ஒன்றாக்கினேன்.

ஒரு மணிக்கு வகுப்புத் தோழன் குரோம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தான். "காலைலேர்ந்து உங்க லைன் என்கேஜ்டு. உன்கிட்ட இவ்ளோ நேரம் பேச யாருடா இருக்கா?" என்று கிண்டலடித்தான். விஷயத்தைச் சொன்னேன். "ஸ்பீக்கரைப் போடு மச்சான். அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னே தெரியாம என்னத்த சரி பண்ணுவ?" என்றான்.

போட்டேன். என்கேஜ்டு ஒலி. மறுபடியும் அதுவே. நாலாவது தடவை மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மோடம் கீச்சிடும் என்று பார்த்தால், வந்தது ஒரு பெண்குரல்.

"யாருப்பா நீ? காலைலேர்ந்து அடிச்சிகினே கீற, எடுத்தா வாயத் தொறக்க மாட்டேன்ற. எம்பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கீது. ரத்தம் வோணும்னா கூப்புட்றேன், ஒடனே வந்துருங்கன்னு மாப்ள சொல்லிகீறாரு. ஒன் தொல்லைல ரிசீவர எடுத்துக் கீழ வச்சிட்டேன். இப்பதான் பயந்துகினு திரும்ப வச்சேன்."

நான் புரோகிராமை நிறுத்தக் கீபோர்டுக்குப் பாய்ந்தேன். தோழன்தான் பக்கத்திலிருந்த போனை எடுத்து, இது கம்ப்யூட்டர் செய்த தப்பு, இனிமேல் வராது, வைத்துவிடுங்கள் என்றான்.

"கம்ப்யூட்டரா? அதுக்குக் கையா கீது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பிறகுதான் எண்ணையே பார்த்தோம். சமீபத்தில்தான் எங்கள் பகுதி போன் எண்களில் முதல் இரண்டு இலக்கங்கள் மாறியிருந்தன. நான் முந்திரிக்கொட்டை மாதிரி டவுனில் இருந்த சர்வரின் எண்ணையும் அப்படியே மாற்றி வைத்திருக்கிறேன். அது மாறவே இல்லை. மூன்று நாளாக நான் கூப்பிட்டது எங்கள் பக்கத்திலேயே யாரோ ஒருவர் வீட்டை. 'பிஸி' என்று வந்தது அந்த அம்மா கீழே வைத்த ரிசீவர். அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டு வேகத்தைக் கூட்டியிருக்கிறேன்!

பழைய எண்ணைப் போட்டதும் சர்வர் முதல் டயலிலேயே எடுத்தது. உள்ளே போகப் பிடிக்காமல் துண்டித்துவிட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததா, அந்தப் பெண்ணும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. நூற்றுக்கணக்கான தடவை டயல் ஆன அந்த எண்ணை என் விரலால் ஒரே ஒரு தடவை அழுத்த இன்றுவரை தைரியம் வரவில்லை. விடாமல் முயல்வதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தவனுக்கு, எதிர்முனையில் இருப்பது யார் என்று கேட்காமல் முயன்றது இப்போதும் உறுத்துகிறது. நாளைக் காலை அந்த அம்மாவைக் கூப்பிட்டு, அந்தக் கை என்னுடையதுதான் என்று சொல்லப்போகிறேன்.