குகைக்குள் தொங்குபவரும் சலூன் கதிரையும்

காலையிலிருந்து சுன்னாகம் சலூனில் முடிவெட்டக் காத்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக்காரர் கயிற்றில் தொங்கியபடி குகைக்குள் இறங்குகிறார். பின்னணியில் மேளம் அதிர்கிறது.

கடையில் இருக்கிற ஒரேயொரு சவரக் கதிரையில் செல்லையா அண்ணை. கிணறு துப்புரவாக்க ஆள் இறங்கும்போது மேலே நின்று கயிறு பிடிப்பவர்.

"உந்த மேளத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கீழை இருந்து அவன் கூப்பிட்டால் மேலை நிக்கிறவனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

"உதெல்லாம் நடிப்பு அண்ணை," என்றேன்.

"ஓம், தெரியும்."

ஆள் அந்தரத்தில் தொங்கும்போதே விளம்பரம் வந்துவிட்டது. அண்ணைக்குச் சவரம் முடிந்து கனநேரம். ஆனால் எழும்பவில்லை.

"ஆள் மேலை வராமல் கயிறு பிடிச்சவன் எழும்பிப் போறதோ, தம்பி?"

விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

கந்தோரில், வேலைக்குப் பிந்தியதற்கு நான் என்ன காரணம் சொல்ல? யாராவது எனக்கும் ஒரு கயிறு போடுங்கள்.