ஆயிரமாயிரம் என்று எழுதிய கை

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு, மாலை நான்கு மணியளவில், ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலைமுடியில் பஞ்சுத் துகள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் - நான்!

ஆம்... சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் வெளிவந்த என் பத்தி. அதைக் கத்தரித்து, ஒரு மனுவோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தாள்.

பெயர் மாரீஸ்வரி. ஊர் சேத்தூர். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் காலை ஆறு மணி ஷிப்ட். வேலை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, தேரடியில் விசாரித்து வந்திருக்கிறாள்.

"நீங்க எழுதுனத நம்பித்தான் ஐயா மனுவோட வச்சேன். ஆபீசுல சிரிச்சுப்புட்டாவ."

அவள் கேட்பது பெரிய வரமன்று. விடியற்காலையில் சேத்தூரில் நின்று ஏற்றிச் செல்லும் ஒரு பஸ். அந்த நேரத்தில் போகும் வெளியூர் வண்டிகள் நிற்பதில்லை. உள்ளூர் வண்டி வருவதற்குள் ஆலையின் கேட் மூடிவிடுகிறது. ஆகவே ஷேர் ஆட்டோ - ஓட்டுநரின் இருபுறமும் தொற்றிக்கொண்டு. சென்ற மாதம் ஓர் ஆட்டோ சாய்ந்தது. இவளோடு வேலை பார்க்கும் ஒருத்திக்குக் கை முறிந்தது. அதன் பிறகே மனு.

நான் எழுதியிருந்த வரி இது: 'ஆயிரமாயிரம் பெண்கள் சேத்தூர்ச் சாலையில் இருள் பிரியுமுன் காத்து நிற்கிறார்கள்.'

மனுவை வாங்கிய அலுவலர் கேட்டாராம்: "ஏம்மா, ஆயிரமாயிரம்னா எத்தனை? பத்து லட்சமா? அரசுப் புள்ளிவிவரம் ஏதாவது இருந்தா கொண்டு வா."

அவர் கேட்டதில் தவறுண்டா? இல்லை. தவறு என்னுடையது. சிறு வயது முதல் பாசுரங்களில் ஊறியவன் நான். அங்கே ஆயிரம் என்பது எண்ணிக்கையன்று, வியப்பு. ஆயிரம் பேர், ஆயிரம் தோள், ஆயிரம் கண்... எவரும் விரல் மடக்கிச் சரிபார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே ஒரு பஸ் நிறுத்தத்திற்குக் கொண்டுபோய்விட்டேன்! ஒரு பாசுரத்தில் ஓரசை பிழைபட்டால் அன்றைய சாப்பாடே இறங்காது எனக்கு. எண்ணில் மட்டும் எப்படி இத்தனை தாராளம்?

அவளை உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

'சேத்தூர் பெண் தொழிலாளர் எத்தனை பேர்' என்று தட்டினேன். ஒரு வரைபடம் வந்தது. மனை விற்கும் விளம்பரம் வந்தது. போட்டித் தேர்வுக்கான வினா விடை வந்தது. ஒரு தனியார் தளம் எண்ணைத் தந்தது - எங்கிருந்து எடுத்தது என்பதைத் தரவில்லை. என்னைப் போலவே!

அரசுத் தளங்களுக்குள் நுழைந்தேன். ஒரு பக்கம் இன்னொன்றைப் பார் என்றது. அது வேறொரு துறையைக் காட்டியது. அத்துறையோ முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டது. அந்தாதி கேட்டிருக்கிறேன், மௌஸால் ஓதியது அன்றுதான்.

மாரீஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், கண்ணாடியைத் துடைத்தேன்.

ஒரு புள்ளிவிவரக் கையேடு கிடைத்தது. ஸ்கேன் செய்த பக்கங்கள், அதுவும் படுக்கைவாட்டில். தேடு பெட்டியில் ஊர்ப் பெயரைப் போட்டால், 'இல்லை' என்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணெதிரே ஊர்ப் பெயர்! எதிரே நிற்பவனைக் காணவில்லை என்று அழுவது அடியார்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

என் மனைவி காபியோடு வந்தாள். "செத்த நேரம் அந்தப் பொட்டிய மூடிட்டு யோசிங்க. பாசுரத்த இப்படியா தேடுவிய? அர்த்தத்தச் சொல்லியா தேடுவிய?"

சுருக்கென்றது. உண்மைதானே? பாசுரத்தைப் பொருளைச் சொல்லித் தேடினால் அகப்படாது. முதற்குறிப்பை, அதன் முதல் சொற்களைப் பிடிக்க வேண்டும். அரசுக் கணக்கிலும் அப்படித்தான். நமக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டால் பதில் வராது. எந்தத் துறை எண்ணியது, அந்த அட்டவணைக்கு அது என்ன பெயர் வைத்தது என்று தேட வேண்டும். கையேட்டின் அடிக்குறிப்பில் அட்டவணையின் பெயர் இருந்தது. அதை அப்படியே தட்டினேன். மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் பக்கம் திறந்தது. மாவட்டம், வட்டம், பேரூராட்சி... சேத்தூர்!

"கெடச்சிருச்சா ஐயா?"

கிடைத்தது. 'ஆயிரமாயிரம்' அல்ல, அதன் அருகில்கூட இல்லை. விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். பெண்கள். அதில் பயிர் செய்வோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், மற்றத் தொழிலாளர்.

"மில்லு எதுல வருது?"

"மற்றத் தொழிலாளரில் அம்மா. ஆசிரியர், கடைக்காரர் எல்லாரும் அதற்குள்தான்."

"அம்புட்டுப் பேருக்கும் ஒரு பேரு இருக்கு. நாங்க மட்டும் 'மத்தவிய'ளா?" சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "இது எந்த வருசத்துக் கணக்கு?"

"இரண்டாயிரத்துப் பதினொன்று. அதற்கடுத்த முழுக் கணக்கு இன்னும் வரவில்லை."

விரல் விட்டு எண்ணினாள். சிரிப்பு நின்றது.

"அப்ப நான் நாலாங்கிளாஸ்லா! ஐயா... இந்தக் கணக்குல நான் வேலைக்கே போகலையே."

அரசுத் தாளில் அவள் இன்னமும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள்.

அவளே முடிவு செய்தாள். "அவிய அரசுக் கணக்கு கேட்டாவ. இத மேல வச்சிருவோம். கீழ, நாங்களே எங்கள எண்ணிக்கிடுதோம்."

எண்ணுவதற்கு அவர்கள் குறித்த வெள்ளிக்கிழமை விடியலில் நானும் ஓர் ஆட்டோ பிடித்துச் சேத்தூர் போனேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நிறுத்தத்தில் பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். ஒரு நோட்டு கைமாறிக்கொண்டிருந்தது - பெயர், தெரு, ஷிப்ட், கையெழுத்து.

"ஏட்டி மாரி, ஆயிரமாயிரம்னு எழுதுனவிய இவியதானா?"

"ஆமாக்கா."

"மிச்சப் பேர எங்க ஒளிச்சு வச்சிருக்கியன்னு கேளு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்போது வெளியூர் வண்டி ஒன்று எங்கள் சிரிப்பின் மீது காற்றை அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. கைகாட்டக்கூட எவரும் முயலவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

நோட்டு முடியும் தறுவாயில் ஒருத்தி சொன்னாள்: "கை ஒடிஞ்சவ பேரு இல்லயே?"

"அவரையும் சேர்த்துக்கொள்ளலாமே அம்மா... அவருக்காகத்தானே இந்த மனு?" என்றேன். பாருங்கள், என் கை சும்மா இருக்கிறதா?

மாரீஸ்வரி பேனாவை மூடினாள். "வேண்டாம் ஐயா. அவ இன்னைக்கு இங்க நிக்கல. நின்னவிய மட்டும் போதும். ஒரு தடவ சிரிச்சது போதும்."

ஷேர் ஆட்டோ வந்தது. ஓட்டுநரின் இடப்பக்கத்தில் அவள் ஏறிக்கொண்டாள். ஒரு கால் உள்ளே. ஒரு கால் வெளியே.

திங்களன்று மனுவைக் கொடுத்தாள். மேலே அட்டவணை, அதன் பெயர், அது இருக்கும் இணைய முகவரி. கீழே நோட்டுப் பக்கங்கள். இம்முறை எவரும் சிரிக்கவில்லையாம். அதே அலுவலர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ரசீது தந்து, "ஆய்வுக்கு அனுப்புறோம்" என்றாராம். இன்று வரை பஸ் வரவில்லை. தினமும் விடியலில் எழுந்து கடிகாரம் பார்க்கிறேன் - அந்த ஆட்டோ இப்போது எந்த வளைவில் போகும்?

நிறுத்தத்தில் நின்றவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? மனுவில் இருக்கிறது. இங்கே நான் எழுதமாட்டேன்... என் கைக்குக் கூட்டி எழுதிப் பழக்கம்!