நாலு மணித்தியாலத்தில் ஒரு சில்லு

அத்தானின் வெள்ளைக் கார் ஒரு பக்கம் சாய்ந்து ஜாக்கில் நின்ற காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. முன் இடது சில்லு கழற்றப்பட்டு, முற்றத்தில் விரித்த சாக்கின் மேல் கிடந்தது. அதில் அவர் பூசியிருந்த மெழுகு காய்ந்து வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்பதும் பிழை. என் பெயரில் பாதிதான் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூச்சை எங்கிருந்தோ இழுத்து எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி அப்போது ஒன்றரை வருடம். கிழமைக்கு மூன்று தடவை புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் மெசினில் இரத்தம் சுத்திகரித்து வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்த நாட்களில் நானும் கூடப் போவேன். அவளுடைய புருஷன், என் அத்தான், அந்தக் காரைத்தான் ஹயருக்கு ஓடினார். தீவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தாலும் கல்யாணம் செய்ய வெளிநாட்டிலிருந்து சனம் வரும். மாப்பிள்ளை பொம்பிளை ஏறும் கார் பளபளக்க வேண்டும். ஒருநாள் பொம்பிளையின் மாமன் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கார் வெள்ளை, சில்லு கறுப்பு. நாங்கள் வேறை பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தானின் முகம் செத்துப்போயிற்று. அக்காவின் மருந்து அந்தக் கல்யாணங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அலோய் சில்லுகளைக் கெடுத்தது பிரேக் தூசு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தேய்ந்து பறக்கும் கரித்தூசு சூட்டோடு போய்ச் சில்லில் ஒட்டிக்கொள்ளும். தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் கடற்பாலத்தில் காற்றுக் கொண்டுவரும் உப்பும் அதோடு சேர்ந்தால் மேற்பூச்சைத் தின்றுவிடும். சில்லைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து மெழுகு பூசி வைத்தால் தூசு அவ்வளவாகப் பிடிக்காது, தண்ணீர் ஊற்ற வழிந்துபோகும். எங்கள் கிணற்று உவர்த்தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதனால் பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரில், குடிக்க வைத்திருப்பதில், ஒரு வாளி எடுத்துத்தான் கழுவுவார். அக்காவுக்கோ, கூடக் குடித்தால் வெளியேறாமல் நெஞ்சில் தேங்கிவிடும் என்று, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர். விறாந்தைக் கதிரையில் இருந்து நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"எனக்குக் குடிக்கத் தராத தண்ணியை உதுக்கு வாக்கிறியள், என்ன?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வாளியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கழுவினார்.

சில்லு சாக்கில் கிடந்த அந்தக் காலையில், "பிள்ளை, கொக்காவை நிமித்தி இருத்து! படுக்க விடாதை!" என்று முற்றத்திலிருந்து கத்தினார். மெழுகில் வழுக்கிய கைகளோடு சில்லைத் தூக்கினார். அது பொருந்தவில்லை. மறுபடி தூக்கினார். ஒரு நட்டு மணலுக்குள் விழுந்தது. முழங்காலில் நின்று மணலை அளைந்ததை யன்னல் வழியாகக் கண்டேன். அது அகப்படவில்லை. இருந்த நட்டுகளை முறுக்கிவிட்டு அக்காவை அள்ளிக்கொண்டுவந்து பின் சீற்றில் இருத்தினார். அவளுடைய சட்டையெல்லாம் மெழுகு. பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். ஒதுங்க இடமில்லை, கேட்க ஆளில்லை. சில்லு கழன்றால் மூன்று பேரும் தண்ணீருக்குள். அவர் வேகத்தைக் குறைக்கவேயில்லை. "இஞ்சை பாரும், கண்ணைத் திறவும், இஞ்சை பாரும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே காரை ஓடினார். என் தோளில் சாய்ந்திருந்தவளின் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்…" என்று டொக்டர் தொடங்கி, அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் சில்லைக் கழற்றவேயில்லை. கார் எப்போதும் வாசல் படலையைப் பார்த்தபடி நிற்கும். காரின் திறப்பு நித்திரையிலும் சட்டைப்பையில் இருக்கும். ஆனாலும் கல்யாண ஹயரை விட ஏலாது. அதனால் அந்த வேலையை ஆஸ்பத்திரிக்கு வெளியே, வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோனார். அக்காவை உள்ளே விட்டதும் வந்து சில்லின் சூடு ஆறும்வரை பார்த்திருப்பார். சூட்டில் பூசினால் மெழுகு கெட்டுவிடும். பிறகு பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, பூசி, காயவிட்டு, மினுக்குவார். நாலு மணித்தியாலத்தில் ஒரு சில்லு. அடுத்த தடவை அடுத்த சில்லு. நாலும் முடியும்போது முதலாவதில் மறுபடி தூசு பிடித்திருக்கும்.

வேறொரு நோயாளியோடு வந்த இளைஞர் ஒருவர், "அண்ணை, உள்ளை மனிசி கிடக்கிறா, நீங்கள் இஞ்சை சில்லு மினுக்கிறியள்" என்றார். அத்தான் நிமிராமல், "உள்ளை நான் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார். எனக்கும் கோபம் இருந்தது. அருகில் இருந்து அவளுடைய கையைப் பிடிக்கலாமே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவள் கண் மூடிக் கிடப்பதை அவரால் பார்க்க முடியாது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

மாரி தொடங்கிய ஒருநாள், மூன்றாவது மணித்தியாலத்தில், மெசினில் இருந்தபடியே அக்காவின் இதயம் நின்றது. ஓடி வந்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள், நெடுநேரம் அமுக்கினார்கள். பிறகு ஒரு நேர்ஸ் வந்து என் தோளில் கை வைத்தாள். படியிறங்கி வேப்பமரத்தடிக்கு நடந்த தூரம் போல நான் வேறெந்தத் தூரமும் நடந்ததில்லை. அத்தான் பின் வலது சில்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். மெழுகு அப்போதுதான் பூத்திருந்தது.

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்குதே, ஏன் வந்தனி?" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் குந்தி, வாளி விளிம்பில் கிடந்த மற்றத் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிப் படியைப் பார்த்தார். தன் துணியை எடுத்தார். இரண்டு பேருமாக அந்தச் சில்லைத் துடைத்து முடித்தோம். அவர் எழும்பி, மிஞ்சியிருந்த தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினார். "வா பிள்ளை, கொக்காவை வீட்டை கூட்டிக்கொண்டு போவம்" என்றார்.

அக்காவை வேறு வாகனத்தில் ஏற்றினார்கள். அதற்குப் பின்னால், முன் சீற்றில் என்னை இருத்திக்கொண்டு, அத்தான் பாலம் முழுக்க மெதுவாகக் காரை ஓடினார். பிரேக்கில் அவர் கால் படவேயில்லை.