பழைய ஆம்ப்ளிஃபையரில் உறங்கும் பூனை

லிட்டில் இந்தியா பக்கத்துக் கிட்டார் கடைக்கு இன்று போனேன். பல மாதங்களாக நான் கண் வைத்திருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் அங்கே இருந்தது. பக்கத்தில், அதே வடிவில் இப்போது செய்து விற்கும் புதியது.

பழையதன் மேல் கடைப் பூனை உறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளே வால்வு எரிஞ்சு சூடா இருக்குல்ல, அதான் லா. எழுப்பிட்டு வாசிங்க தம்பி," என்றார் கடைக்கார அண்ணன்.

மனம் வரவில்லை. கடைக் கிட்டார் ஒன்றை அதில் இணைத்து, ஒலியைக் குறைத்து, ஒரே ஒரு தந்தியை மெல்ல மீட்டினேன். பூனையின் காது மட்டும் அசைந்தது. அந்த ஒலி வெளியே பெய்த மழையில் கரைந்தது.

"இதையே பேக் பண்ணவா?"

"வேணாண்ணே. அது தூங்கட்டும். புதுசைக் கொடுங்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதன் சுவிட்சைப் போட்டே வைத்திருக்கிறேன். புதியதும் நன்றாகத்தான் சூடாகிறது.

யாரிடமாவது இரவல் தரப் பூனை இருக்கிறதா?