ருக்குவின் பங்கு அரிசி

பம்பாய் மாதுங்காவில் மூன்றாம் மாடியில் குடியிருந்த வேங்கடசுப்ரமணியனால், தன் வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காராமல் ஏற முடியாது. வயது நாற்பத்திரண்டுதான். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க். எடையோ இருநூற்றிருபது ராத்தல். வாய்க்கு வஞ்சனை பண்ணி அறியாத மனிதர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் டாக்டர் சோதித்துப் பார்த்து, சர்க்கரை வியாதி என்றார்.

"ராத்திரி சாதம் கூடாது. இப்படியே போனா அஞ்சு வருஷம் தாங்கமாட்டீர் ஓய்."

மனிதர் வெலவெலத்துப் போனார். அன்றே சாதத்தை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, ஏகாதசிக்குச் செய்வதைச் செய்தார். சாதமில்லாத ராத்திரி என்றால் அவர்கள் வீட்டில் பலகாரம். பலகாரம் என்றால் அடை. வெல்லமும் வெண்ணெயுமாக ஏழெட்டு உள்ளே போகும். தினமும் ஏகாதசி கொண்டாடிய புண்ணியவான்!

அது ரேஷன் காலம். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேருக்கு வாராவாரம் அளந்து போடுகிற அரிசி. "என் பங்கு சாதத்தையும் நீயே சாப்பிடு, ருக்கு" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். ருக்கு தலையை ஆட்டினாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவது வழக்கம். அவள் தட்டில் என்ன விழுந்தது என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் எடை பத்து ராத்தல் கூடியிருந்தது.

"சாதத்தைத் தொடறதே இல்லை, டாக்டர். அடைதான்."

"அடையை எதுல பண்றா ஓய், பஞ்சுலயா?"

அப்போதுதான் உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. விடுவிடென்று வீட்டுக்கு வந்து, நேரே சமையலறைக்குப் போனார்.

"ருக்கு, தினம் அடைக்கு ஏது இவ்வளவு அரிசி?"

"உங்க பங்கு போறலை. என்னோடதையும் சேர்த்து ஊறப்போட்டுடுவேன்."

"அப்போ நீ என்ன சாப்பிடறே?"

"சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒண்ணு வேகவெச்சுப்பேன். எனக்கு அது போறும். உங்களுக்கு டாக்டர் சொன்ன பத்தியமாச்சே."

பத்தியமாம்! அவருக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

அன்றுமுதல் அவள் சாப்பிட்ட பிறகே தாம் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டார். பாவம் வந்து சேரும் என்று ருக்கு அழுதாள். அவர் கேட்கவில்லை. நின்று பரிமாறிவிட்டு, தமக்கு ஒரு பிடி சாதம், கீரை, நீர்மோர் என்று முடித்துக்கொள்வார். காலையில் சயான் வரை நடை. மூன்று வருஷத்தில் அறுபது ராத்தல் இறங்கியது, சர்க்கரையும் அடங்கியது. "என்ன லேகியம் ஓய் சாப்பிட்டீர்?" என்று ஆபீஸில் கேட்பார்கள். அவருக்கு முகம் சுண்டிப் போகும்.

"இனிமே பயமில்லை" என்று டாக்டர் சொன்ன அன்று, ருக்குவை உட்காரவைத்துத் தட்டு நிறையச் சாதம் போட்டு நெய் விட்டார். வழக்கம்போல் இரண்டு பிடியோடு கையை எடுத்துவிட்டாள். தமக்கு மிச்சம் வைக்கத்தான் அவள் இப்படிச் செய்கிறாள் என்று மூன்று வருஷமும் நினைத்திருந்தார்.

"எனக்குன்னு வைக்காதே, ருக்கு. சாப்பிடு."

"உங்களுக்குன்னு இல்லை. கிழங்கு தின்ன நாள்லயே வயத்தைச் சுருக்கிப் பழகிண்டுட்டேன். இப்போ இதுக்கு மேலே இறங்கமாட்டேங்கறது."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.