பாலீஷ் மிஷின் என்று சொல்லி விற்றார்கள்

பொன்னேரியில் என் கணவர் ஒரு கறுப்பு அம்பாசிடரைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். எங்கள் பிழைப்பே அதுதான். பெயின்ட் மங்கிப்போனதால், வீட்டிலேயே பாலீஷ் போட ஒரு மிஷின் வாங்கலாமென்று திருவள்ளூரில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியின் மேல், இரும்பைத் தேய்ப்பதற்கு என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. "இது ரொம்ப வேகமா சுத்தாதா?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. என் கணவரிடம், "கம்பளி வட்டு மாட்டிக்கினா பாலீஷ் மிஷின், அவ்ளோதான் சார். லேடீஸுக்கு இன்னா தெரியும்?" என்றார். "நீ சும்மா இரு" என்றார் இவரும். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாங்கி வந்த மறுநாள், கம்பளி வட்டை மாட்டி இவர் பானெட்டின் மேல் மிஷினை வைத்ததுமே கருகல் நாற்றம் அடித்தது. இவர் நிறுத்துவதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தீய்ந்து, தகரம் பல்லிளித்தது. அந்த வார முகூர்த்தத்துக்குப் பேசியிருந்த வீட்டார் வந்து பார்த்துவிட்டு வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் கூசாமல் கேட்டார்: "பொட்டி மேலயே எழுதிக்கீதே, படிக்கலியா?"

"படிச்சதாலதான்யா அன்னிக்கே கேட்டேன்!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் எந்த மிஷினானாலும் கடையிலேயே ஒரு பழைய தகரத்தின் மேல் ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறேன். என் கேள்விக்குப் பதில் வரும்வரை இவரும் பர்ஸைத் திறப்பதில்லை.