படத்தில் இல்லாத வெள்ளி

கயிற்றுக்கடை வீரபாகு கடலோடியவர் அல்ல. வாலிபத்தில் ஒரே ஒரு முறை கொழும்புக்குத் தோணியேறினார். துறைமுகம் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்தார். எதிரே வந்த மீன்பிடி வள்ளத்தில் ஏற்றிக் கரைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் தூத்துக்குடித் தோணிகளை நடத்தும் தண்டல்கள் கயிறும் தாரும் வாங்க அவர் கடைக்கு வந்தால், வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை.

"அகத்தியர் இப்ப எந்நேரத்துக்கு ஏறுதாரு அண்ணாச்சி?"

கயிறு அளந்துகொண்டே பதில் சொல்வார். அகத்தியர் என்பது தெற்கே தாழ்வாக எரிகிற பெரிய வெள்ளி. நட்சத்திரத்தை அவரும் அந்தத் தோணிக்காரர்களும் வெள்ளி என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

விடியுமுன் எழுந்து வீட்டின் மொட்டைமாடித் தட்டட்டியில் ஏறி, வெறும் தரையில் மல்லாந்து படுத்து வானம் பார்ப்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடலில் போக முடியாதவன் கடலில் போகிறவர்கள் பார்ப்பதையாவது பார்க்கலாம் என்று ஆரம்பித்தது. பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவரும் மனைவி முத்துக்கனியும்தான். "வீட்டுக்காரி முகத்தவிட வெள்ளியத்தான் அதிகம் பாத்திருக்கிய" என்பாள் அவள். கோபமாகச் சொல்ல மாட்டாள்.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் கிருபாநிதி ஒரு நாள் கிணற்றுக் கயிறு வாங்க வந்தவர், பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். வானம் பார்க்கப் பழகுகிறவர்களுக்காகத் தமிழில் அச்சிட்டது. மாதத்துக்கு ஒரு படம்; வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள்.

வீரபாகு புரட்டிப் பார்த்தார். பெரிய வெள்ளிகளை மட்டும் போட்டுவிட்டுச் சின்னதையெல்லாம் விட்டிருந்தார்கள்.

"பாதி வானத்தக் காணமே சார். இது எனக்கு எதுக்கு? கம்பராமாயணம் படிக்கிறவன்கிட்ட அரிச்சுவடியக் குடுக்கிய."

"வச்சிருங்க அண்ணாச்சி. ஆணி மடிக்கவாவது ஆகும்" என்று சிரித்துவிட்டுப் போனார் வாத்தியார்.

ஆணி மடிக்க அவருக்கு மனம் வரவில்லை. கல்லாவுக்கு மேலே செருகி வைத்தார்.

அது யுத்த காலம். நாற்பத்திரண்டு சித்திரைக்கு முன்னே கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்ததும் ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆனால் இருட்டு திரும்பிப் போகவில்லை. விமானத்துக்குப் பயந்து தெருவிளக்குக் கிடையாது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. அந்த வருடத் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்கவில்லை. அந்தி சாய்ந்தால் ஊர் இருந்த இடம் தெரியாது; கடல் மட்டும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்ட மாதிரி மூச்சுவிடும். வெள்ளிகளோ அவர் ஆயுளில் கண்டிராத அளவுக்குக் கீழே இறங்கித் தொங்கின.

தீபாவளி கழிந்து ஓரிரு நாளில், மழை பெய்து வெளுத்த ஒரு விடியற்காலையில், வீரபாகு தட்டட்டியில் வந்து படுத்தார். வானத்தில் ஏதோ தப்பாக இருந்தது. எது என்று உடனே பிடிபடவில்லை. பூட்டிவிட்டுப் போன வீட்டைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று உடம்புக்குத் தெரியுமே, அப்படி. தெற்கே திரும்பினார். அகத்தியருக்குக் கிழக்கே, சற்று மேலே, வெறும் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெள்ளி நின்றது.

அசையவில்லை. விமானம் இல்லை. கிரகங்கள் அந்த வழியாக நடப்பதில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். கீழே இறங்கி முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தார். நின்றது. பந்தியில் சொந்தக்காரர்களுக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்து சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் போல நின்றது.

வீரபாகுவுக்குத் தன் அப்பாவின் நினைவு வந்தது. அப்பாவும் இதே கடையில் கயிறு விற்றவர்தான். ஐம்பது தாண்டியதும் கரையில் போய் நின்று வராத தோணிக்குக் கைகாட்ட ஆரம்பித்தார். பாயின் நிறம், அதில் எத்தனை ஒட்டு, முன்னே நிற்பவன் யார், எல்லாம் சொல்வார். கடல் வெறுமனே கிடக்கும். கடைசி வருடங்களில் அவரை அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. அவருக்கு அது தொடங்கிய வயதைத்தான் வீரபாகு இப்போது தொட்டிருந்தார்.

அன்று கடையில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் விடியலில் அது இன்னும் பெரிதாகியிருந்தது.

முப்பது வருடம் பார்த்த கண் என்ன சொன்னாலும், அந்தக் கண்ணே இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. அறிவும் அப்படித்தான். தன்னை அறியாத ஒருவன் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது; அதை அச்சடித்தவனுக்குத் தன்னைத் தெரியாது. மூன்றாம் நாள் விடியுமுன்னே கடையைத் திறந்து எடுத்து வந்து, தட்டட்டியில் சிம்னி விளக்கைக் கூடைக்குள் வைத்து மூடி, இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சத்தில் நவம்பர் மாதப் படத்தை விரித்தார். அதற்குள் தெருவிலிருந்து குரல் வந்தது.

"மேல யாரு? வெளிச்சத்த அணைங்க."

இருட்டடிப்பு வார்டன் சுந்தர்சிங். வீரபாகு விளக்கை ஊதி அணைத்தார்.

"நாந்தாம்பா. தெக்க கொஞ்சம் பாரு. ஏதாவது தெரியுதா?"

சுந்தர்சிங் பதறி அண்ணாந்தான். "பிளேனா அண்ணாச்சி?"

"இல்ல. வெள்ளி."

"வெள்ளி ஆயிரம் கெடக்கு. போயி படுங்க."

அவன் பூட்ஸ் சத்தம் தெருக்கோடி வரை போய் அடங்கியது. ஒன்றும் தெரியாதவனுக்கு எல்லாம் ஒன்றுதான். வீரபாகு அணைந்த விளக்கையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். பிறகு கீழே போய் மனைவியை எழுப்பினார்.

"ஏளா, இந்தப் படத்த நல்லாப் பாத்துக்க. மேல வந்து இதுல இருக்கது மாதிரி வானத்துல இருக்கான்னு சொல்லு."

"எனக்கு வெள்ளியப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாததுனாலதான் ஒன்னயக் கூப்பிடுதேன். நான் சொல்லிக்குடுத்தா நீ நான் சொன்னதத்தான் பாப்ப. நீயாப் பாரு."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை மறுபேச்சுப் பேசவிடவில்லை. அடுப்பைப் பற்றவைத்து அந்த வெளிச்சத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தினமும் வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவள். புள்ளிகளை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று விரலால் இழுத்துப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள். பெயர்களைப் படிக்கவே இல்லை.

மேலே வந்ததும் முதலில் தடுமாறினாள். "இம்புட்டுக் கெடக்கே." அவர் எதையும் கைகாட்டவில்லை. சற்று நேரத்தில் மூன்று புள்ளி வரிசையைப் பிடித்தாள். அதிலிருந்து பளிச்சென்று எரிகிறதைப் பிடித்தாள். தெற்கே இறங்கி அகத்தியருக்கு வந்தாள். அவள் விரல் கிழக்கே நகர்ந்து நின்றது. திரும்ப அகத்தியருக்குப் போய், மறுபடி வந்து, அதே இடத்தில் நின்றது.

"இங்கன ஒரு புள்ளி கூடுதலா இருக்கே. படத்துல இல்ல."

வீரபாகு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முத்துக்கனிக்குத் தெரியவில்லை.

"அச்சடிக்கையில விட்டுப்போச்சோ?"

"சின்னத எல்லாம் விட்டிருக்கான். இம்மாம் பெரிச விடமாட்டான்."

"அப்ப இது எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்து."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. பைத்தியம் என்றால் தனக்கு மட்டும். இது எல்லோர் தலைக்கும் மேலே நிற்கிறது. முத்துக்கனி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

காலையில் புத்தகத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீரபாகு கரைக்குப் போனார். தண்டல் ஜீவமணியின் தோணி கருவாடும் வெங்காயமும் ஏற்றிப் புறப்படத் தயாராய் இரண்டு நாளாகக் கிடந்தது. காற்று நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துத் தோணிகளும் பாய் சுருட்டியபடி கிடந்தன. ஆட்கள் ஒட்டுப் போட்ட பாய்க்கே மறுபடி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் இன்னும் போகல?"

"பாப்போம் அண்ணாச்சி" என்றான் ஜீவமணி.

வீரபாகு குரலைத் தாழ்த்தினார். "தெக்க ஒண்ணு நிக்கி. நீ பாத்தியா?"

ஜீவமணி ஊசியைக் கீழே வைத்தான். "நீங்களும் பாத்தியளா?"

அகத்தியரைப் பார்த்துச் சுக்கான் பிடித்தே வயதானவன் அவன். இப்போது இரண்டில் அகத்தியர் எது என்று கேட்டால் சொல்ல நா எழவில்லை என்றான். தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு, ஆட்களிடம் சொன்னால் பின்னால் வரமாட்டார்கள் என்று பயந்து, காற்று சரியில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இதைக் கேட்டதும் பாய் தைத்துக்கொண்டிருந்த ஒருவன் தலை நிமிராமலே, "நானும் பாத்தேன்" என்றான். நங்கூரத்துப் பக்கம் இருந்தவன், "எங்க அம்ம கூப்பிட வந்திருக்கான்னு நெனச்சேன்" என்றான். அவன் தாய் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தோணியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அத்தனை பேரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

வீரபாகு புத்தகத்தை மணலில் விரித்தார். ஆயுள் முழுவதும் வானம் பார்த்து ஓடியவர்கள் பள்ளிக்கூடப் படத்தைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவனும் தன் விரலை அந்த வெற்றிடத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே இடம்.

"அப்ப அது நெசமாவே புதுசு. நமக்குக் கோளாறு இல்ல" என்றான் ஜீவமணி. பிறகு, "இதக் குடுங்க. கடல்ல எது அகத்தியர்னு கொழப்பம் வந்தா இதப் பாத்துக்கிடுதேன்" என்று புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் தோணிகள் பாய் விரித்தன.

வீரபாகு தினமும் ஏறிப் பார்த்தார். அகத்தியருக்குச் சமமாக நிற்கப் பார்த்த வெள்ளி சட்டென்று வாடத் தொடங்கியது. ஒவ்வொரு விடியலிலும் ஒரு படி கீழே இறங்கியதைப் போல மங்கியது. திருக்கார்த்திகைக்கு அது இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. அதன்பின் தேடியும் கிடைக்கவில்லை. என்ன வந்தது, ஏன் போனது என்று யாரும் சொல்லவில்லை.

ஜீவமணி திரும்பி வந்து புத்தகத்தைக் கொடுத்தான். நவம்பர் படத்தில், அந்த வெற்றிடத்தில், தாரால் ஒரு புள்ளி வைத்திருந்தது. "யாரு வச்சது?" என்று கேட்டார். ஜீவமணிக்குத் தெரியவில்லை. தோணியில் ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளி அணைந்த பிறகு, படத்தில் மட்டும் அது இருந்தது. வீரபாகு அதைச் சுரண்டப் போய், விட்டுவிட்டார். கிருபாநிதியிடம் சொல்லிக் கறைபடாத இன்னொரு பிரதி வாங்கினார்.

யுத்தம் முடிந்த பிறகு வாத்தியார் எங்கோ படித்துவிட்டு வந்து விளக்கினார். கண்ணுக்கே தெரியாமல் மங்கிக் கிடக்கும் ஒரு வெள்ளி திடீரென்று வெடித்துப் பிரகாசிப்பதுண்டு. அதன் ஒளி இங்கே வந்து சேர எத்தனையோ நூறு வருடம் ஆகும். நாம் பார்த்தது எப்போதோ நடந்து முடிந்த ஒன்று.

"அப்ப நம்ம பாட்டன் பூட்டன் காலத்துக்கு முன்னாலயே முடிஞ்சிட்டா?" என்றார் வீரபாகு.

"ஆமா."

அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

அதிலிருந்து அவர் வானம் பார்க்கும் விதம் மாறிவிட்டது. முன்பு படுத்த மாத்திரத்தில் சின்னஞ்சிறு வெள்ளிகளைத் தேடிப் போவார். இப்போது முதலில் அந்தப் பள்ளிக்கூடப் படத்தின்படி, யாருக்கும் தெரிந்த பெரிய வெள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அது முடிந்த பிறகுதான் மற்றது. நாற்பத்தொன்பதில் ஒரு நாள், உலர்த்திய வற்றலை அள்ள மேலே வந்த முத்துக்கனி அவர் வாய்க்குள் எண்ணுவதைப் பார்த்து நின்றாள். சூரியன் விழுந்து முதல் வெள்ளிகள் முளைக்கிற நேரம்; இப்போதெல்லாம் அவர் அந்தியிலும் ஏறிவிடுவார்.

"இன்னுமா அதத் தேடுதீய?"

"அதத் தேடல. புதுசா ஒண்ணு வந்தா எப்படியும் கண்ணுல பட்டுரும். இருந்தது ஒண்ணு போயிருந்தா?"

அவள் வற்றல் சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ஆனால் கீழே இறங்கவில்லை. அவர் மேற்கிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.